எனக்குத் தெரியாததைத்தான் கேட்கிறேன்

அக்டோபர் 15 நெருங்கினால் எங்கள் ராமேஸ்வரம் தீவுப் பள்ளிகளில் கட்டுரைப் போட்டி வந்துவிடும். தலைப்பு மாறாது, அப்துல் கலாம்தான். எழுதுகிற பிள்ளைகளில் பாதிப் பேர் அவர் பிறந்த வீட்டுக்கு பஸ்ஸில் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். ஆனாலும் கட்டுரை எல்லாம் ஒன்றேதான்: முன்னுரை, எளிய குடும்பத்தில் பிறந்தது, செய்தித்தாள் போட்டது, ஏவுகணை, குடியரசுத் தலைவர், கனவு காணுங்கள், முடிவுரை. ஒருவர் பேப்பரை இன்னொருவர் பெயரில் மாற்றி வைத்தால் கண்டுபிடிக்க முடியாது. அதே கட்டுரையை எழுதிய ஒரு பெண், பேக்கரும்பில் இருக்கும் கலாம் நினைவிடத்துக்கு டூரிஸ்ட் பஸ் வந்ததும் ஓடிப்போய் பாசிமணியும் சங்கு மாலையும் விற்கிற தன் சித்தியைப் பற்றி, எந்த ஊர்க்காரர்கள் பேரம் பேசுவார்கள், எந்த ஊர்க்காரர்கள் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று, மூச்சு விடாமல் பேசுவாள். அதில் ஒரு வரி கட்டுரைக்குள் வராது.

எழுத மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளையை எப்படி எழுத வைப்பது என்று சில அம்மாக்களும் ஒன்றிரண்டு ஆசிரியர்களும் கேட்டதால்தான் இதை எழுதுகிறேன். நான் பயிற்சி பெற்ற ஆசிரியை இல்லை. பரமக்குடியில் பிறந்து இந்தத் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள். 2021 கடைசியில் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாதம் ஆயிரம் ரூபாய், சாயங்காலம் வீட்டுத் திண்ணை நிறையப் பிள்ளைகள். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்ததில் வாசிப்பு விட்டுப்போனவர்கள் நிறைய, அதைக்கூட ஓரளவு சீக்கிரம் மீட்டுவிட முடிந்தது. எழுத்துதான் வரவில்லை. ஏதாவது எழுது என்றால் "என்ன எழுத?" தலைப்பு கொடுத்தால் "முன்னுரைக்கு என்னக்கா போட?" அப்புறம் பென்சிலைச் சீவிக்கொண்டே இருப்பார்கள், அது சுண்டுவிரல் அளவுக்குத் தேயும்வரை.

எனக்குக் கைகொடுத்தது என் அறியாமை. பரமக்குடியில் எங்களுக்கு வைகையும் கண்மாயும்தான், அதிலும் தண்ணீரைவிட மணலைப் பார்த்த மாதங்கள்தான் அதிகம். கடலைப் பற்றி எனக்குச் சுத்தமாக ஒன்றும் தெரியாது. மார்கழி மாதம் என்று நினைக்கிறேன், ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், அப்பா இன்னைக்கு வீட்லதான் என்று சொன்னான். "ஏன், மழையே இல்லையே?" என்று கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"மழைக்கும் அதுக்கும் என்னக்கா? வாடை அடிக்குதுல்ல. வடகடல் பொங்கிக் கெடக்கும். தெக்க போனா ஒண்ணும் இருக்காது. ஆனா எங்க வத்தை வடக்கதான நிக்குது?"

வத்தை என்றால் நாட்டுப்படகு. மற்றது எனக்குப் புரியவில்லை. ஒரே ஊரில் எப்படி ரெண்டு கடல் என்றேன். அவ்வளவுதான், மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல், அமைதியானது. தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல், எப்போதும் முரடு. ஆனால் வாடைக்காலத்தில் பெண்கடல் கோபித்துக்கொள்ளும், ஆண்கடல் அடங்கிக் கிடக்கும், மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் எல்லாம் தலைகீழ். ஒருவன் தரையில் சாக்பீஸால் தீவை வரைந்தே காட்டினான். இதை அப்படியே எழுதித் தாடா என்றேன். "இதையா? இதெல்லாமாக்கா கட்டுரை?" என்றான். ஆமா, எனக்குத் தெரியாதுல்ல, எழுதிக் குடுத்தா எங்க ஊர்ல போய்க் காட்டுவேன் என்றதும் எழுதினான். அரைப் பக்கம் வந்தது. முன்னுரை இல்லை. "பரமக்குடிக்காரர்களுக்கு ஒரு கடல்கூடக் கிடையாது, எங்களுக்கு இரண்டு" என்று ஆரம்பித்திருந்தான். இந்த வரியை எந்த நோட்ஸிலும் பார்க்க முடியாது.

அதற்கப்புறம் நான் பிடித்துக்கொண்டது ஒன்றுதான். கேட்கிறவருக்கு விடை தெரியும் என்றால் பிள்ளை அந்த விடையைத்தான் தேடும். பாம்பன் பாலத்தைப் பற்றி எழுது என்று டீச்சர் சொன்னால், டீச்சருக்கு அது 1914-ல் திறந்தது என்று தெரியும், பிள்ளைக்கும் அது தெரியும், இருவருக்கும் தெரிந்ததை ஒருவர் எழுதி மற்றவர் டிக் அடிப்பார். அதையே நான் இப்படிக் கேட்டேன்: 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தப்போ நடுவுல இருக்கிற அந்தத் துண்டு மேல ஏறுச்சே, அப்போ நீ எங்க நின்ன? உன் முன்னாடி யார் நின்னா? ஒருவன் ரோட்டுப் பாலத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு கண்டக்டரே இறங்கிப்போய் எட்டிப் பார்த்ததை எழுதினான். இன்னொருத்திக்குக் கூட்டத்தில் எதுவும் தெரியவில்லை, முன்னால் நின்றவரின் சட்டைக் காலரைத்தான் அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தாள், அதையே எழுதினாள். எனக்கு அந்தக் காலர் கட்டுரைதான் பிடித்திருந்தது.

தெரியாத மாதிரி நடிப்பது வேறு. அதைப் பிள்ளைகள் நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். "அய்யோ, மீன் தண்ணியிலயா வாழுது?" என்று குழந்தைக் குரலில் கேட்கிற பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றாம் வகுப்பைத் தாண்டிய எந்தப் பிள்ளையும் அதற்கு மனம்வைத்துப் பதில் சொல்லாது. தேடினால் நமக்கு நிஜமாகவே தெரியாதது ஏராளமாக இருக்கும். உங்கள் சொந்தப் பிள்ளை நேற்று பள்ளி விட்டு வருகிற வழியில் எந்த இடத்தில் நின்றது என்று உங்களுக்குத் தெரியுமா?

பின்னால் தேடிப் படித்தபோது, கனடாவில் கார்ல் பெரைட்டர், மார்லின் ஸ்கார்டமாலியா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1980-களில் இதைப் பற்றி நிறைய வேலை செய்திருப்பது தெரிந்தது. பேசும்போது எதிரில் ஒருவர் இருக்கிறார், தலையாட்டுகிறார், அப்புறம் என்கிறார், புரியாவிட்டால் முகத்தைச் சுளிக்கிறார். அந்த இழுப்பில்தான் பேச்சு நீளுகிறது. எழுதும்போது எதிரில் யாரும் இல்லை, அதனால் பிள்ளை நாலு வரியில் நின்றுவிடுகிறது. முடித்துவிட்டேன் என்று நோட்டை நீட்டும் பிள்ளையிடம் இன்னும் கொஞ்சம் எழுது என்று சும்மா தூண்டினாலே கணிசமாக எழுதியதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். சரக்கு உள்ளேதான் இருந்திருக்கிறது. இதைப் படித்ததும், திண்ணையில் குருட்டாம்போக்காகச் செய்துகொண்டிருந்ததைத் தைரியமாகச் செய்ய ஆரம்பித்தேன்.

எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். முதலில் பேச்சு. பிள்ளை பேசும்போது நான் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அது சொல்கிற சொற்களில் நாலைந்தை மட்டும் குறித்துக்கொள்வேன். வாக்கியமாக எழுத மாட்டேன், எழுதினால் அதைப் பார்த்து அப்படியே எழுதிவிடும். "வாடை, வத்தை, வடக்க, அய்யா திட்டு, இட்லி" என்று இருக்கும். பேச்சு முடிந்ததும் தாளை அதன் கையில் கொடுத்துவிடுவேன். எழுதுவதும் காலண்டர் தாளில்தான். முழுப் பக்க நோட்டைத் திறந்து வைத்தால் அந்த வெள்ளையைப் பார்த்தே பாதிப் பிள்ளைகள் பயந்துவிடுகிறார்கள், காலண்டர் தாள் சீக்கிரம் நிறைந்துவிடும், நிறைந்ததும் "இன்னொரு தாள் குடுங்கக்கா" என்று கேட்கும்போது அந்த முகத்தில் ஒரு பெருமை இருக்கும் பாருங்கள். ராசிபலன் பக்கத்தைப் படித்துச் சிரித்துவிட்டு எழுத உட்காருவதும் நடக்கும், பரவாயில்லை.

கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்பதில் நான் கொஞ்சம் கறார். "உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்க மாட்டேன். "ஜாலியா இருந்துச்சு" அல்லது "கஷ்டமா இருந்துச்சு", இந்த இரண்டைத் தவிர அதற்குப் பதில் வந்து நான் பார்த்ததில்லை. "ஏன்" என்பதையும் தள்ளிப்போடுவேன், ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. கை என்ன செய்தது, எது முதலில், அதற்கு முன்னாடி, யார் பக்கத்தில், எவ்வளவு பெரிசு, எதில் வைத்தாக, இப்படிப்பட்ட கேள்விகள்தான் வேலைக்கு ஆகின்றன.

பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து அம்மாச்சி வீட்டில் தங்கிப் படிக்க வந்த ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி முதலில் எழுதித் தந்தது இது: "என் அம்மா கடலில் பாசி எடுக்கப் போவார். பாசி மருந்து செய்யப் பயன்படுகிறது. என் அம்மா மிகவும் கஷ்டப்படுவார். எனக்கு என் அம்மாவை மிகவும் பிடிக்கும்." தப்பு ஒன்றும் இல்லை. இதில் அவள் அம்மா எங்கே என்பதுதான் தெரியவில்லை. பாசி எடுப்பவர்களை நான் தூரத்தில் பார்த்ததோடு சரி, அதனால் கேட்டேன்.

"காலையில கெளம்பும்போது அம்மா மொதல்ல எதை எடுப்பாக?"

"துணி."

"எதுக்கு?"

"விரல்ல சுத்த. பாறையில அறுத்துரும்ல. பழைய சேலையக் கிழிச்சு நாடா நாடாவா வச்சிருப்பாக."

"அவுகளேவா சுத்துவாக?"

"இடது கைக்கு அவுகளே சுத்திக்குவாக. வலது கைக்கு நான்தான் சுத்துவேன். ரொம்ப இறுக்குனா விரல் மரத்துப்போகும், லூசா விட்டா தண்ணிக்குள்ள அவுந்துரும். அது எனக்குத்தான் கரெக்டா வரும். நான் இங்க வந்ததுக்கப்புறம் தம்பி சுத்துறான், அவனுக்கு வரலைன்னு அம்மா போன்ல சொன்னாக."

இதை அவள் எழுதி முடித்தபோது காலண்டர் தாள் மூன்று ஓடியிருந்தது. கஷ்டப்படுவார் என்ற வரியை அவளே அடித்துவிட்டாள், நான் சொல்லவில்லை. ஏன் அடித்தாய் என்று கேட்டதற்கு, "அதான் தெரியுதுல்ல" என்றாள்.

வளர்ப்பது என்று நான் சொல்வது இதைத்தான். மேலே மேலே அடுக்கிக்கொண்டே போவது இல்லை, ஏற்கனவே எழுதியதில் பிள்ளை வேகமாகத் தாண்டிப்போன ஓரிடத்தைக் கண்டுபிடித்து அங்கே நிற்க வைப்பது. பெரும்பாலும் அந்த இடம் "பிறகு", "அதன் பின்", "எல்லோரும்" என்ற சொற்களுக்குப் பக்கத்தில் இருக்கும். "பிறகு எல்லோரும் வீட்டுக்கு வந்தோம்" என்று ஒரு பிள்ளை எழுதினால், அந்த "பிறகு"க்குள் ஒரு மணி நேரம் ஒளிந்திருக்கிறது. நாமே கண்டுபிடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒருவர் படிக்கட்டும், மற்றவர்கள் கண்ணை மூடிக் கேட்கட்டும், எங்கே படம் தெரியாமல் போகிறதோ அங்கே கை தூக்கட்டும். ஆளுக்கு ஒரு கேள்விதான், கருத்து சொல்லக் கூடாது. இந்தக் கருத்து சொல்லக் கூடாது என்பதை அமல்படுத்துவதுதான் எனக்குப் பெரும்பாடு. "சூப்பர்" என்பதும் கருத்துதான் என்று அவர்களுக்குப் புரிய வைக்க நாளாயிற்று.

எழுத்துப் பிழை. இதில் என் கணவரே எனக்கு எதிர்க்கட்சி. ர, ற வித்தியாசம் தெரியாமல் என்ன எழுதி என்ன என்பார். யோசனை, வாக்கியம், எழுத்து, கையெழுத்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒரு பத்து வயது மூளை சுமக்க முடியாது, ஏதாவது ஒன்று கீழே விழும், முதலில் விழுவது யோசனைதான். "மறக்கலம்" என்று எழுதவா "மரக்கலம்" என்று எழுதவா என்று தயங்கி நிற்கிற பிள்ளை, அந்தத் தயக்கம் தீர்வதற்குள் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, பிழை வராது என்று தெரிந்த சின்னச் சொல்லாகப் பார்த்துப் போட்டுவிடும். அதனால் முதல் தாளில் நான் எதையும் திருத்துவதில்லை. "அப்பா வந்தாக", "வல கெழிஞ்சிருச்சு" எல்லாம் அப்படியே இருக்கட்டும். நோட்டில் பிரதி எடுக்கும்போதுதான் எழுத்து நடைக்கு மாற்றுவோம். அப்போதும் வத்தை, கச்சான், ஆவுளியா போன்ற கடல் சொற்களில் கை வைக்க மாட்டேன். ஒருமுறை போட்டிக்கு அனுப்பிய கட்டுரையில் ஒருவர் ஆவுளியாவை அடித்துவிட்டுக் கடற்பசு என்று சிவப்பு மையில் திருத்தியிருந்தார். அந்தப் பிள்ளை தன் தாத்தாவிடம் கேட்டு எழுதிய சொல் அது.

பேசவே பேசாத பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களிடம் கேள்வி கேட்டால் இன்னும் சுருங்கிவிடுவார்கள். ஒரு நாலாம் வகுப்புப் பிள்ளையிடம் வீட்டிலிருந்து பள்ளிக்கு வருகிற வழியை வரையச் சொன்னேன். வழி வந்தது, நாய் நிற்கும் இடம் வந்தது, ஐஸ் கம்பெனி வந்தது, ஓரிடத்தில் ஒரு பெருக்கல் குறி மட்டும் போட்டிருந்தாள். குறிக்குப் பக்கத்தில் இடம் விட்டிருக்கே, அங்க என்னன்னு எழுதிரு என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது "இங்கு பேய் இல்லை ஆனால் நான் ஓடுவேன்" என்று இருந்தது. அன்றைக்கு அது போதும்.

எட்டாம் வகுப்பில் ஒருவன் இருந்தான், எழுத்தெல்லாம் எதுக்குக்கா, நான் கடலுக்குத்தான போகப்போறேன் என்பான். அவனோடு வாதாடிப் பிரயோசனம் இல்லை. கணக்குப் போடுவதில் ஆள் கெட்டி. அதனால் ஒரு தடவை போட்டில் கடலுக்குப் போய்வர என்ன செலவு என்று எனக்கு ஒரு கணக்கு எழுதிக் கொடு என்றேன், நிஜமாகவே எனக்குத் தெரியாது. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான், வலைச் செலவு, பிடித்த மீனில் இதெல்லாம் கழிந்ததுபோக ஆளுக்கு எவ்வளவு பங்கு என்று அழகாகக் கட்டம் போட்டு எழுதினான். ஒவ்வொரு வரிக்கும் எதிரில் ஒரே ஒரு வாக்கியம் எழுது என்றேன். ஐஸுக்கு எதிரில், "ஐஸ் மிச்சம் இருந்தால் மீன் இல்லை என்று அர்த்தம், அன்றைக்கு அப்பாவிடம் எதுவும் கேட்கக் கூடாது" என்று எழுதியிருந்தான். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலத்தில் அதுவும் கிடையாது, அந்த 61 நாளுக்கும் ஒரு தனிக் கட்டம் போட்டு வருமானம் என்ற இடத்தில் கோடு கிழித்திருந்தான். எழுத்தே பிடிக்காதவன் எழுதியது இது.

கதை எழுத வேண்டும் என்றால் எனக்குக் கைகொடுப்பது தொல்காப்பியம். சிரிக்காதீர்கள். முதல், கரு, உரி என்று பாடப்புத்தகத்தில் ரெண்டு மார்க் கேள்வியாகப் படித்திருப்போம். கதைக்கு வழி தெரியாமல் நிற்கிற பிள்ளைக்கு அதைவிட நல்ல கருவி நான் பார்க்கவில்லை. முதலில் இடமும் நேரமும். அப்புறம் அந்த இடத்துக்கே உரிய சாமான்கள்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். கடைசியில்தான் மனசு. ஒரு அட்டையில் கட்டம் போட்டு, நெய்தல் நிலத்துக்குப் புத்தகம் சொல்வதை ஒரு பக்கமும் நம்ம ஊருக்கு இன்றைக்கு என்ன என்பதை மறுபக்கமும் எழுதச் சொல்வேன். வருணனுக்குப் பக்கத்தில் அந்தோணியாரும் ஏர்வாடி தர்காவும் முனியசாமியும் வந்தார்கள். புன்னைக்குப் பக்கத்தில் பனையும் உடைமரமும். பறவைக்கு, சீசனில் தனுஷ்கோடிப் பக்கம் வந்து நிற்கிற பூநாரை. நெய்தலின் பறையான மீன்கோட்பறை என்ற இடத்தில் நீண்ட விவாதம் நடந்து, ஏலக்காரர் கூச்சல் என்று முடிவானது. விலங்குக்குச் சுறா வேண்டாம், கரையில் கிடக்கிற நாய்தான் என்று ஒருவன் பிடிவாதம் பிடித்தான்.

அப்புறம் கட்டத்திலிருந்து ஏதாவது மூன்றை எடுத்து ஒன்றாகப் போட்டால் கதை கிளம்பிவிடும். அந்த நாய்க்காரன், நாய் யாருக்கும் தெரியாமல் போட்டில் ஏறி ஒளிந்துகொண்டு கடலுக்குப் போய்விடுவதாக எழுதினான். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல், போனவர் வருவாரா என்று கரையில் நிற்கிற மனசு. நாய்க்காக ஒரு பையன் கரையில் நின்றான். இலக்கணம் அவ்வளவு சுலபமாக வேலை செய்ததைப் பார்த்து எனக்கே ஆச்சரியம்.

1964 புயலை எல்லாப் பிள்ளைகளும் எழுதுவார்கள். டிசம்பர் 22 ராத்திரி, ரயில், தனுஷ்கோடி அழிந்தது, இதுவும் கலாம் கட்டுரை போல மனப்பாடம் ஆகிவிட்டது. அந்தப் புயலை நேரில் பார்த்தவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள், ஆனால் "புயலைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் அவர்களும் மனப்பாடமாகத்தான் சொல்கிறார்கள், அத்தனை பேர் அத்தனை முறை கேட்டுவிட்டார்கள். அதனால் பிள்ளைகளை ஒரே ஒரு பொருளைப் பற்றி மட்டும் கேட்கச் சொல்லி அனுப்பினேன்: அன்னைக்கு உங்க கையில என்ன இருந்துச்சு? ஒரு அப்பத்தா ராத்திரி முழுக்க மணல்மேட்டில் ஒரு தீப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார், அது நனைந்து கூழாகிவிட்டது என்று அவருக்கும் தெரியும். பேத்திக்கு அதுவரை அந்தத் தீப்பெட்டியைப் பற்றித் தெரியாது. வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தக் கடற்கரையில் கேள்வி கேட்டுக்கொண்டே போனால் சீக்கிரமே வலிக்கிற இடத்துக்குப் போய்ச் சேருவோம். அப்பா இலங்கைச் சிறையில் இருந்த வீடுகள், போட்டைப் பறிகொடுத்துக் கடனில் இருக்கிற வீடுகள், கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகள். இதைத் தலைப்பாக நான் ஒருபோதும் கொடுக்க மாட்டேன். பிள்ளை தானாக எழுதினால் எழுதட்டும். திண்ணையில் ஒரு விதி உண்டு, மடித்து வைத்த பக்கத்தை யாரும் படிக்கக் கூடாது, நான் உட்பட. மடித்த பக்கங்கள் நிறைய இருக்கின்றன. வெளியூரிலிருந்து வருகிற சிலர் "பிள்ளைகள் உருக்கமாக எழுதியது ஏதாவது இருக்கா" என்று கேட்பதும் உண்டு. இல்லை என்று சொல்லிவிடுவேன்.

ஒரு பிரச்சினை வந்தது. வருஷம் போகப் போக எனக்கும் கடல் கொஞ்சம் தெரிந்துவிட்டது. பிள்ளைகளும் "அதான் உங்களுக்குத் தெரியுமேக்கா" என்று சுருக்க ஆரம்பித்தார்கள். அதனால் ஊரிலிருந்து ஆள் பிடித்தேன். என் அண்ணன் பிள்ளைகளும் அவர்கள் தெருப் பிள்ளைகளும் பரமக்குடிப் பக்கம், கடலைச் சுற்றுலாவில் பார்த்ததோடு சரி. இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நோட்டு போய்வரட்டும் என்று ஏற்பாடு. அங்கிருந்து வந்த முதல் கேள்விகளில் ஒன்று, "போட்டில் பாத்ரூம் எங்கே போவார்கள்?" திண்ணையே உருண்டு சிரித்தது, ஆனால் அதற்கு எழுதிய பதில் மட்டும் இரண்டு பக்கம். "பெப்சி பாசி என்றால் குடிக்கலாமா?" என்று ஒரு கேள்வி. அந்தக் கம்பெனி இந்தப் பக்கம் வளர்க்கக் கொண்டுவந்த பாசி, அதனால் அந்தப் பெயர் என்று பதில் போனது. "கடலில் ரோடு இல்லையே, எப்படித் திரும்பி வருவீர்கள்?" என்பதற்கு யாருக்கும் உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் போய்க் கேட்டு வந்தார்கள். ஜிபிஎஸ் என்றார் ஒரு அப்பா. ராமேஸ்வரம் டிவி டவர் விளக்கு என்றார் இன்னொருவர், 323 மீட்டர் உயரம், ராத்திரி வெகு தூரத்துக்குத் தெரியும். நட்சத்திரம் என்றார் ஒரு தாத்தா. ஒரே கேள்விக்கு மூன்று தலைமுறை பதில் சொல்லியிருக்கிறது என்பதை நான் சுட்டிக்காட்டவில்லை, அவர்களே மூன்றையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி அனுப்பிவிட்டார்கள்.

திருப்பி இவர்கள் கேட்டது முண்டு வத்தலைப் பற்றி. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பேப்பரில் பார்த்திருந்தார்கள். மிளகாய் ஏன் குண்டாக இருக்கிறது, காயப்போட்ட களத்தில் நடந்தால் தும்மல் வராதா, ராத்திரி யார் காவல் இருப்பார்கள் என்று கேட்டார்கள். பரமக்குடிப் பிள்ளைகள் அதுவரை எழுத ஒன்றுமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தான், களத்து மேட்டில் படுத்துக் கிடப்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினார்கள். கேட்க ஆள் வந்ததும் அதுவும் எழுதுகிற விஷயமாகிவிட்டது.

பரீட்சைக்கு இது உதவுமா என்று கேட்பவர்களுக்கு: நேரடியாக உதவாது. குறிப்புச் சட்டகம் கொடுத்து, முன்னுரை முடிவுரையோடு எழுதச் சொல்கிற கேள்விக்கு அந்த முறையில்தான் எழுத வேண்டும், அதையும் தனியாகச் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு மாற்றம் மட்டும் தெரிகிறது. எழுதிப் பழகிய பிள்ளை சட்டகத்துக்குள் நாலு வரி சொந்தமாகச் சேர்க்கிறது, தெரியாத தலைப்பு வந்தாலும் பேப்பரைக் காலியாக விடுவதில்லை.

போனில் பேசினால் எழுத்தாக வருகிற வசதியைச் சிலர் கேட்கிறார்கள். கை வலிக்கிறது, எழுத்து வரவில்லை என்கிற பிள்ளைக்கு முதல் தாளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம். எங்கள் பேச்சு அதற்குச் சரியாகப் பிடிபடுவதில்லை, கச்சான் என்றால் அது மச்சான் என்று எழுதிவிடும், அதைத் திருத்துகிற சாக்கில் பிள்ளை இரண்டு வரி கூடுதலாகவும் எழுதும். பல வீடுகளில் போன் அப்பாவோடு கடலுக்குப் போய்விடுகிறது, அதனால் நான் அதை நம்பி எதையும் திட்டமிடுவதில்லை.

நோட்டுப் பரிமாற்றம் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். அனுப்புவதற்கு முன் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். எங்கள் முதல் நோட்டு யார் கையிலோ கொடுத்துவிட்டு மானாமதுரை தாண்டிப் போய்விட்டது, இன்னும் வரவில்லை. பிள்ளைகள் அதிலிருந்ததை மறுபடி எழுத ஒத்துக்கொள்ளவே இல்லை, புதுக் கேள்வி இருந்தால் கேளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.